குண்டு மழையில் குழந்தைகளுக்கு ஒரு வீடு... காசு கொடுத்தது யார்? அன்னா ஃப்ராய்டின் கதை

ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ 1962-ல் இறந்தபோது, தன் சொத்தில் ஒரு பங்கைத் தனக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் மேரியன் கிரிஸ் பெயரில் எழுதி வைத்திருந்தார். மேரியன் தேர்ந்தெடுக்கும் மனநல நிறுவனங்களுக்கு அந்தப் பணம் போக வேண்டும் என்பது ஏற்பாடு. கடைசியில் அது போய்ச் சேர்ந்த இடம், லண்டனில் உள்ள ஒரு குழந்தைகள் மனநல மையம்.

அந்த மையத்தை உருவாக்கியவர் அன்னா ஃப்ராய்ட். உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டின் கடைசி மகள். போரில் மனசு உடைந்துபோன குழந்தைகளைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவை யார் தருவார்கள்? அவரை விடாமல் துரத்திய கேள்வி இது.

யார் இந்த அன்னா?

1895 டிசம்பர் 3-ம் தேதி வியன்னாவில் பிறந்தார். வீட்டில் ஆறாவது குழந்தை. டாக்டருக்குப் படிக்கவில்லை. முதலில் பார்த்தது பள்ளி ஆசிரியர் வேலை. குழந்தைகளைப் பக்கத்தில் இருந்து கவனிக்கும் பழக்கம் அங்கிருந்தே வந்தது.

1937-ல் வியன்னாவின் பரம ஏழைக் குடும்பங்களின் கைக்குழந்தைகளுக்காக ஒரு பகல்நேரக் காப்பகம் தொடங்கினார். அதற்குப் பணம் கொடுத்தவர் எடித் ஜாக்சன் என்ற அமெரிக்க மருத்துவர். ஆனா அடுத்த வருடமே ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போனது. காப்பகம் மூடப்பட்டது. 1938 மார்ச் 22-ம் தேதி யூதரான அன்னாவை விசாரணைக்காக கெஸ்டபோ போலீஸ் அழைத்துப்போனது. அன்று மாலை வீடு திரும்பிவிட்டார். ஆனா இனி அங்கே இருக்க முடியாது என்பது குடும்பத்துக்குப் புரிந்துவிட்டது. ஜூன் மாதம் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். 1939 செப்டம்பரில் அப்பா இறந்தார். அதே மாதம்தான் இரண்டாம் உலகப் போரும் தொடங்கியது.

லண்டனில் என்ன செய்தார்?

1940 செப்டம்பரில் இருந்து லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. வீடு இழந்த குடும்பங்கள் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துத் தூங்கின. ஏராளமான குழந்தைகள் அம்மா அப்பாவைப் பிரிந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

1941 ஜனவரியில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில், வெடர்பர்ன் சாலையில் ஒரு வீட்டைக் குழந்தைகள் இல்லமாக மாற்றினார் அன்னா. கூடவே இருந்தவர் தோழி டோரதி பர்லிங்ஹாம். பிறகு கைக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம், எசெக்ஸ் கிராமப்புறத்தில் இன்னோர் இல்லம் என்று மூன்றானது. போர் முடிவதற்குள் சுமார் 190 குழந்தைகள் இங்கே வளர்ந்தார்கள்.

பணம் எங்கே இருந்து வந்தது?

பெரும்பகுதி அமெரிக்காவில் இருந்து. 1937-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட 'ஃபாஸ்டர் பேரன்ட்ஸ் பிளான்' என்ற அமைப்புதான் இந்த இல்லங்களுக்கும் செலவு செய்தது. எங்கேயோ இருக்கும் ஒரு குழந்தைக்கு மாசாமாசம் ஒரு தொகை தந்து, தூரத்துப் பெற்றோராக இருப்பதுதான் அதன் திட்டம். இன்று 'பிளான் இன்டர்நேஷனல்' என்ற பெயரில் உலகம் முழுக்க இயங்குவது இதே அமைப்புதான்.

பணம் தருபவர்களுக்கு மாதம் தவறாமல் அறிக்கை அனுப்ப வேண்டும். அன்னாவும் டோரதியும் அதை வெறும் வரவு செலவுக் கணக்காக எழுதவில்லை. எந்தக் குழந்தை ஏன் தூங்கவில்லை, எது சாப்பிட மறுக்கிறது, அம்மா வந்து போனபின் என்ன செய்கிறது என்று எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். குழந்தை உளவியலில் இன்றும் பேசப்படும் அவர்களுடைய போர்க்காலப் புத்தகங்கள் இந்த அறிக்கைகளில் இருந்து உருவானவைதான்.

அவர் கண்டது என்ன?

குண்டுச் சத்தத்தைவிட அம்மாவைப் பிரிவதுதான் சின்னக் குழந்தைகளை அதிகம் பாதித்தது. அதனால் பெற்றோர் எப்போ வேணும்னாலும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவைத்தார். சில அம்மாக்களுக்கு இல்லத்திலேயே வேலையும் கொடுத்தார்.

ஆரம்பத்தில் எல்லா ஊழியர்களும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டனர். பிறகு நாலைந்து குழந்தைகளுக்கு ஒரு பெண் என்று சின்னச் சின்னக் 'குடும்பங்களாக' பிரித்தார். உடனே இல்லமே அமளிதுமளி. பொறாமை, அழுகை, தன் 'அம்மா' அறையை விட்டு நகர்ந்தாலே ரகளை. ஆனா கொஞ்ச நாளில் அதே குழந்தைகள் வேகமாக மாறின. பேச்சு வந்தது, கழிப்பறைப் பழக்கம் வந்தது.

அதாவது, கட்டடம், கம்பளி, பால் பவுடர் எல்லாம் செலவில் ஒரு பகுதிதான். இன்னைக்கு இருக்கும் அதே முகம் நாளைக்கும் இருக்கணும். பெரிய செலவு அதற்குத்தான்.

முகாமில் இருந்து வந்த ஆறு பேர்

போர் முடிந்த 1945-லேயே ஹாம்ப்ஸ்டெட் இல்லங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமில் இருந்து மீட்கப்பட்ட குழந்தைகள் இங்கிலாந்துக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் மூன்று வயதை ஒட்டிய ஆறு பேர் சஸெக்ஸில் 'புல்டாக்ஸ் பேங்க்' என்ற வீட்டில் தங்கவைக்கப்பட்டனர். சிக்மண்ட் ஃப்ராய்டின் சகோதரிகளில் நான்கு பேர் நாஜி முகாம்களில் இறந்தவர்கள். அதில் ஒருவர், அன்னாவின் அத்தை, இறந்தது இதே தெரேசியன்ஸ்டாட்டில்தான்.

ஆறு பேரும் பிறந்த சில மாதங்களிலேயே அம்மாவைப் பிரிந்தவர்கள். வந்ததும் பொம்மைகளை உடைத்தார்கள், பெரியவர்களை அடித்தார்கள், கடித்தார்கள். ஆனா தங்களுக்குள் மட்டும் ஓர் உயிர். ஒருவருக்குக் கிடைக்காத சாப்பாட்டை இன்னொருவர் தொடமாட்டார். பிரித்தால் துடித்துப்போவார்கள். அவர்களைப் பிரிக்காமல், அந்தப் பாசத்தின் வழியாகவே பெரியவர்கள் மெல்ல உள்ளே நுழைந்தார்கள். ஒரு வருடத்தில் ஆங்கிலம் பேசினார்கள், பெரியவர்களிடம் ஒட்டிக்கொண்டார்கள்.

வீட்டைக் கொடுத்தவர் உள்ளூர் எம்.பி.யின் மனைவி. பராமரிப்புச் செலவு மறுபடியும் அதே அமெரிக்க அமைப்பு. ஆனா வீடு கிடைத்தது ஒரே ஒரு வருடத்துக்குத்தான். அதன்பின் குழந்தைகள் வேறு இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அதே முகம் நாளைக்கும் வேணும் என்று காட்டியவருக்கே அதற்குமேல் நாள் கிடைக்கவில்லை.

அதன் பிறகு?

அன்னா விடவில்லை. 1947-ல் குழந்தை மனநல சிகிச்சைக்கான பயிற்சி வகுப்பு, 1952-ல் ஹாம்ப்ஸ்டெட் கிளினிக். ஆனா இது குழந்தைகள் வந்துபோய் சிகிச்சை பெறும் இடம், தங்கும் இல்லம் அல்ல. இதற்கும் அமெரிக்க அறக்கட்டளைகளின் பணம் தேவைப்பட்டது.

1982 அக்டோபர் 9-ம் தேதி, 86 வயதில் லண்டனில் இறந்தார். கிளினிக்குக்குப் பிறகு அவர் பெயரே வைக்கப்பட்டது. மர்லின் மன்றோவின் பங்கு வந்து சேர்ந்தது இங்கேதான்.

போர் நடக்கும்போது நன்கொடை குவியும். போர் முடிந்ததும் இல்லங்கள் மூடப்படும். ஆனா மூன்று வயதில் எல்லாவற்றையும் இழந்த குழந்தைக்குப் போர் அன்றைக்கு முடிந்துவிடுவதில்லை. நிதி ஒதுக்குபவர்கள் முன் அன்னா விட்டுச்சென்ற கணக்கு இதுதான்: எத்தனை படுக்கை என்பதோடு, எத்தனை வருடம் என்றும் கேட்கணும்.