நல்லூர் கண்ட செண்பகப் பெருமாள்

நல்லூர்க் கந்தசுவாமி கோவிற் கட்டியத்திலே ஸ்ரீ சங்கபோதி புவனேகவாகு என்னும் நாமம் ஒலிப்பதை வடமராட்சியிலிருந்து செல்லும் அடியார் பலரும் கேட்டிருப்பர். அந்நாமத்துக்குரியவன் யாழ்ப்பாண அரசகுலத்தவன் அல்லன். இந்நாட்டைப் படைகொண்டு வென்ற செண்பகப் பெருமாளே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. சிங்கள நூல்கள் அவனைச் சப்புமல் குமாரயா என அழைக்கின்றன.

இந்தியக் கரையிலிருந்து வந்து கோட்டை அரசசேவையில் அமர்ந்த பணிக்கர் ஒருவரின் மைந்தன் இவன் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கூட்டோ எழுதியுள்ளார். ஆறாம் பராக்கிரமபாகு மன்னன் இவனைத் தன் பிள்ளையாகவே வளர்த்தான். யாழ்ப்பாணத்தின் மீதான முதற் படையெடுப்பு முழுப்பயன் தரவில்லை. மீண்டும் வந்தபோது, 1450 அளவில், கனகசூரிய சிங்கையாரியன் குடும்பத்துடன் தமிழகம் சென்றான்.

வென்றது ஒன்று, ஆள்வது வேறொன்று. கோட்டைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே வன்னிக்காடு கிடந்தது. ஓலை போய் மறுமொழி வருமுன் காரியம் கெட்டுவிடும். ஆகவே மன்னன் வளர்ப்பு மகனையே இங்கு அதிகாரத்துடன் இருத்தினான். முன்னர் இராசேந்திர சோழன் தன் மகனைச் சோழபாண்டியன் என்னும் பட்டத்துடன் மதுரையில் இருத்தியதும் இம்முறையே. இதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. தூரத்தில் தனிப்படையுடன் இருப்பவன் நாளடைவில் தானே அரசன் ஆகிவிடுவான் அல்லவா?

செண்பகப் பெருமாள் பதினேழு ஆண்டுகள் ஆண்டான். நல்லூரிலே புதிய இராசதானி அமைத்துக் கந்தசுவாமி கோவிலையும் எடுப்பித்தான் என்பர். தெற்கே தேவிநுவரையில் இருந்த பிக்கு ஒருவர் குயிலை அவனிடம் தூதுவிட்டுப் பாடிய கோகில சந்தேசம் அக்கால யாழ்ப்பாண நகரைப் புகழ்கின்றது.

1467இல் பராக்கிரமபாகு இறக்க, பேரன் ஜயபாகு முடிசூடினான். செண்பகப் பெருமாள் அதைப் பொறுக்கவில்லை. படையுடன் தெற்கே சென்று, அவனைக் கொன்று, ஆறாம் புவனேகபாகுவாக அரியணை ஏறினான். அங்கும் நிம்மதி கிட்டவில்லை. பெருங் கலகம் மூண்டது. அதை அடக்கியபின் கலகத்தில் ஈடுபட்டோருக்கு அளித்த மன்னிப்பைத் தெதிகமக் கல்வெட்டு கூறுகின்றது.

காவற்படை போனதும் வடக்கு கைநழுவியது. கனகசூரியன் மைந்தர்களுடன் மீண்டு வந்து தன் நாட்டைப் பெற்றான். ஆயினும் பகைவன் கண்ட நல்லூரை அவன் அழிக்கவில்லை. 1619இல் போர்த்துக்கேயர் நாட்டைக் கைப்பற்றும்வரை அவன் வழியினருக்கு அதுவே தலைநகராயிற்று. கோவிலை இடித்தவர்களும் அப்போர்த்துக்கேயரே, ஆண்டு 1621.