வேலு நாச்சியார் வாழ்வில் வீரப்பயணக் கட்டமைப்பு: விருப்பாட்சிக் காலத்தை முன்வைத்து

முன்னுரை

தொன்மக் கதைத் தலைவன் தன் ஊரைப் பிரிகிறான். அறியாத நிலத்தில் துணைவர்களைப் பெற்றுச் சோதனைகளைக் கடக்கிறான். பெற்ற பேற்றுடன் ஊர் மீள்கிறான். பிரிவு, சோதனை, மீட்சி என்னும் இம்மூன்று நிலைகளையும் உலகத் தொன்மங்களின் பொதுக் கட்டமைப்பாக அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்பல் 1949இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இராமன் காடேகி மீண்டதையும் பாண்டவர் வனவாசத்தையும் கூத்திலும் கதைப்பாடலிலும் கேட்டுப் பழகிய தமிழர்க்கு இவ்வடிவம் புதிதன்று. சிவகங்கை அரசி வேலு நாச்சியாரின் (1730–1796) வாழ்க்கையும் மக்களிடையே பெரும்பாலும் இவ்வடிவிலேயே வழங்குகிறது. அவ்வடிவம் அவர் வாழ்வில் எதனைத் துலக்குகிறது, எதனை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரிவு

இராமநாதபுரம் சேதுபதி மரபில் செல்லமுத்து விசயரகுநாத சேதுபதியின் ஒரே மகளாகப் பிறந்தவர் வேலு நாச்சியார். படைக்கலப் பயிற்சியும் பன்மொழி அறிவும் பெற்றிருந்த அவர், சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரை மணந்தார். 1772இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கம்பெனிப் படையும் காளையார்கோயிலைத் தாக்கியபோது மன்னர் கொல்லப்பட்டார். சிவகங்கை நவாபின் ஆளுகைக்குள் சென்று, உசேன் நகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

தொன்மத் தலைவன் பெரும்பாலும் இளைஞன்; வீட்டை விட்டுத் தனியே செல்பவன். நாச்சியாரோ அப்போது நாற்பத்திரண்டு வயதினர். மகள் வெள்ளச்சியை உடன் அழைத்துக்கொண்டு, அமைச்சர் தாண்டவராயர், மருது சகோதரர் ஆகியோர் துணையுடன் நாடு நீங்கினார். மகளின் அரசுரிமையை மீட்பதே பயணத்தின் நோக்கமாதலின், அவர் விட்டுப் பிரிந்தது அரண்மனையை மட்டுமே. குடும்பம் அவருடனேயே சென்றது. பொதுக் கட்டமைப்பிலிருந்து இவ்வாழ்க்கை விலகும் முதல் இடம் இதுவாகும்.

சோதனை

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி, கீரனூர், ஒட்டன்சத்திரம் முதலிய ஊர்களைக் கொண்ட வட்டாரத்தில் மலையடிவாரத்தை ஒட்டி அமைந்தது விருப்பாட்சி. அதன் பாளையக்காரர் கோபால் நாயக்கர் நாச்சியாருக்கு அடைக்கலம் அளித்தார். கதைகூறல் மரபில் இக்காலம் பெரும்பாலும் ஓரிரு தொடர்களில் முடிந்துவிடும். காலக்கணக்கில் அது எட்டாண்டுகள்.

அக்காலத்தில் திண்டுக்கல் கோட்டை மைசூர் அரசின் வசம் இருந்தது. 1755இல் அங்குப் படைத்தலைவராகப் பொறுப்பேற்று உயர்ந்த ஐதர் அலியிடம் உதவி கேட்பது அரசியல் நோக்கில் பொருத்தமான முடிவாகும். ஐயாயிரம் குதிரைப்படையினரும் ஐயாயிரம் காலாட்படையினரும் வேண்டித் தாண்டவராயர் அவருக்கு மடல் விடுத்தார். பின்னர் நாச்சியார் ஐதரிடம் உருது மொழியிலேயே தம் நிலையை எடுத்துரைத்தார். வேண்டிய படையுதவியை வழங்குமாறு ஐதர் திண்டுக்கல் கோட்டைத் தலைவருக்கு ஆணையிட்டார்.

தொன்மத்தில் துணைவன் தரும் மந்திரப் பொருள் ஒரு நொடியில் கைக்கு வரும். இங்கோ மடலும் மொழியறிவும் நம்பிக்கையும் காத்திருத்தலும் அப்பொருளின் இடத்தை நிரப்புகின்றன. இவ்வாழ்வில் சோதனை என்பது தனிப்போர் அன்று. கூட்டணி அமைத்தலே ஆகும்.

மீட்சி

1780இல் ஐதருக்கும் கம்பெனிக்கும் மீண்டும் போர் மூண்டது. அவ்வாண்டிலேயே நாச்சியார் சிவகங்கையை மீட்டு அரசியானார். அரசியைக் காட்டிக்கொடுக்க மறுத்துக் கொல்லப்பட்ட உடையாள், தன்னையே எரியூட்டிக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கை அழித்த குயிலி ஆகியோரின் கதைகளை வாய்மொழி மரபு இம்மீட்சியுடன் இணைக்கிறது. தலைவியின் வெற்றிக்குப் பிறர் உயிர் விலையாயிற்று என்பதை மக்கள் நினைவு மறக்கவில்லை என்பதற்கு இவ்விணைப்புச் சான்றாகும்.

கட்டமைப்பின்படி கதை இங்கு நிறைவுற வேண்டும். ஆயினும் வரலாறு தொடர்ந்தது. மருது சகோதரர் ஆட்சிப் பொறுப்புகளை ஏற்றனர். நாச்சியார் 1796இல் மறைந்தார். கம்பெனிக்கு எதிராகத் திண்டுக்கல் கூட்டமைப்பைத் திரட்டிய கோபால் நாயக்கர், மருது சகோதரருடன் கைகோத்தார். 1801இல் நாயக்கர் திண்டுக்கல்லிலும் மருதிருவர் திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டனர். அரசியின் பயணத்தில் துணைவராக நின்ற மூவரும் மீட்சியில்லாத பயணத்தின் தலைவர்களாயினர்.

முடிவுரை

பிரிவு, சோதனை, மீட்சி என்னும் அடைவு வேலு நாச்சியாரின் வாழ்வை நினைவில் நிறுத்த உதவுகிறது. எனினும், நடுநிலையைச் சுருக்குவதால் விருப்பாட்சியையும் திண்டுக்கல்லையும் வெறும் தங்குமிடங்களாக்கி விடுகிறது. மீட்சியோடு நிறுத்துவதால் துணைவரின் முடிவை மறைத்து விடுகிறது. 1772 முதல் 1780 வரையிலான ஆண்டுகளை இடைவேளையாகக் கொள்ளாது, 1801இன் எழுச்சிக்கு முன்தளமாகவும் கொண்டு வாசிக்கும்போது, அவரது வரலாறு ஒருவர் பயணமாக அன்றிப் பலர் கூடி நடத்திய பயணமாகப் புலப்படுகிறது.