இறம்பொடை தந்த இசைச்செல்வி

கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வீதி பேராதனை, கம்பளை, புசல்லாவை ஆகிய ஊர்களைக் கடந்து மலையேறும்போது இறம்பொடை அருவி கண்ணிற்படுகிறது. அவ்வழிச் செல்வோர் அருவியை வியந்து போவர். சிங்களப் பேசும்படத்தின் முதற் கதாநாயகி பிறந்த ஊர் அது என்பதை எண்ணுவோர் சிலரே. அவர் தமிழ் மரபில் வந்தவர் என்பதும் நம்மவர் பலருக்குப் புதுச் செய்தியாக இருத்தல் கூடும்.

1923ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள், கொழும்புச் செட்டி மரபைச் சார்ந்த கிறித்தவக் குடும்பத்தில் டெய்சி ராசம்மா டானியல் பிறந்தார். ருக்மணி தேவி என்பது பின்னாளில் அவர் பூண்ட பெயர். குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்தது. இளமையிலேயே மேடையேறிய அவர் இராமாயண நாடகமொன்றில் சீதையாக நடித்தார். பதினைந்து வயதளவில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் பாடிய அவருடைய முதல் இசைத்தட்டு, புத்தகயை விகாரையைப் போற்றுவது. பாடியவரோ கிறித்தவச் சிறுமி, பெயரோ ராசம்மா! கலை இங்ஙனம் வேலி தாண்டுவதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அவர் வாழ்வின் போக்கை வகுத்தது நீர்கொழும்பு ஜயமான்ன குடும்பம். பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நாடகங்களை எழுதினார். அவருடன் பிறந்த எடி நகைச்சுவையில் வல்லவர். இவர்களுடைய மினர்வா நாடகக் குழுவின் நாயகியான ருக்மணி, எடியையே மணந்தார். குழுவின் நாடகம் ஒன்றை எஸ். எம். நாயகம் மதுரையில் படமாக்கினார். அதுவே முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுனு பொறொந்துவ’. 1947ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் கொட்டாஞ்சேனை மைலன் படமாளிகையில் அது திரையேறிற்று. மதுரை மண்ணிலே, தமிழ் முதலாளி ஒருவரின் முயற்சியால், தமிழ் மரபினளான ஒரு மங்கையின் குரலோடு சிங்களத் திரை பேசத் தொடங்கியது என்பது வரலாறு. மறுவருடமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் அவர் பிறந்த மலைநாட்டின் தோட்டத் தமிழருள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. அச்சட்டம் அவரைத் தீண்டவில்லை. ஆயினும் இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்து எண்ணாதிருக்க என்னால் இயலவில்லை.

அக்குடும்பம் அவருக்கு அளித்தது பெரிது. அவரைக் கட்டுப்படுத்தியதும் அதுவே என்பது என் துணிபு. துயருற்று அழும் நாயகி, இடையிடையே பாட்டு, எடியின் நகைச்சுவை என்ற வார்ப்பிலேயே படங்கள் பல வந்தன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ புதுச்சுவையைக் காட்டியபின் பழைய வார்ப்பின் மதிப்புக் குன்றலாயிற்று. புதிய நாயகியர் தோன்றினர். நடிப்பில் ஒதுங்க நேர்ந்தாலும் குரல் அவரைக் கைவிடவில்லை. முதுமை எட்டிப்பார்க்கும் பருவத்திலும் ஊர் ஊராகச் சென்று இசை மேடைகளிற் பாடினார்.

1978ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், மாத்தறையில் பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜா-எலவை அடுத்த துடெல்லவில் வாகன விபத்தில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. வீடு சேர இன்னும் சில மைல்களே எஞ்சியிருந்தன.