பசித்த பிள்ளைக்குப் பள்ளிக் கதவைத் திறந்தவர்
பெருந்தலைவர் காமராசர் (1903 – 1975)

ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்டிவிடலாம். கட்டிய பள்ளிக்குப் பிள்ளைகள் வரவேண்டுமே! வயிற்றில் சோறின்றி, உடம்பில் நல்ல துணியின்றி, கையில் சிலேட்டுப் பலகையின்றி ஒரு குழந்தை எவ்வாறு பாடம் கேட்கும்? இந்த எளிய கேள்வியை ஆட்சிப் பீடத்தில் அமர்ந்து எண்ணிப் பார்த்து, அதற்கு விடையும் கண்ட பெருமகனார் காமராசர். கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே வளர்த்த நம் பங்கின் யூபிலி மலரில் அவருடைய வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமே.

பிடியரிசிப் பள்ளி

நம் பள்ளத்தாக்கிற்குக் கிழக்கே, மதுரைக்குத் தெற்கே உள்ள விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், 1903-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி நடத்தப்பட்ட பள்ளி. உலை வைக்கும்போது தாய்மார்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதுவே ஊர்ப்பிள்ளைகளின் படிப்புக்கு உதவியது. ஊரார் கைகொடுத்தால் ஏழைப்பிள்ளையும் படிக்கலாம் என்பதை அவர் சிறுவயதிலேயே கண்கூடாகக் கண்டார்.

ஆனால் அவருக்கே அந்தக் கல்வி நிலைக்கவில்லை. ஆறு வயதில் தந்தையை இழந்தார். குடும்பச் சுமை தாயின் தலையில் விழுந்தது. சில ஆண்டுகளில் பள்ளியை விட்டுத் தாய்மாமனின் துணிக்கடைக்கு வேலைக்குச் சென்றார். பின்னர் நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டு, 1930 முதல் பலமுறை சிறை சென்று, மொத்தம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார்.

சோறு வந்தது, பிள்ளைகள் வந்தனர்

பதவியேற்ற ஆண்டிலேயே, 1953-இல் புகுத்தப்பட்ட அரைநாள் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது. மூடிய பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளியே இல்லாத சிற்றூர்களில் புதிய பள்ளிகள் தோன்றின. அப்படியும் பல பிள்ளைகள் மாடு மேய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருமுறை காமராசர் வழியில் காரை நிறுத்தி, மேய்ச்சலில் இருந்த சிறுவனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டாராம். போனால் சோறு யார் தருவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டானாம். இந்தக் கதையைச் சொல்லாத ஊர் தமிழகத்தில் இல்லை.

1920-இலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்ததுண்டு. காமராசர் அதை நாட்டுப்புறத்துக்குக் கொண்டுவந்தார். 1956-இல் எட்டயபுரத்தில் தொடக்கம். முதலில் ஊராரின் நன்கொடையே ஆதாரம். 1957 முதல் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை அரசு ஏற்றது. மீதி நாற்பது பங்கு ஊராருடையது. 1961 முதல் அமெரிக்க நாட்டுக் கேர் நிறுவனத்தின் பால் பவுடரும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. அரசுப் பள்ளி என்றும் உதவி பெறும் பள்ளி என்றும் வேற்றுமை பாராட்டாமல், மிஷன் பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் உணவு கிடைத்தது என்பதை நாம் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

ஊர் கூடிக் கொடுத்த பொருள்கள்

சோற்றோடு வேலை முடிந்துவிடவில்லை. கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால், 1958-இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. அதன் முறை மிக எளியது. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று ஆசிரியர்கள் பட்டியல் எழுதுவார்கள்: கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், குடிநீர்ப் பானை, சமையல் பாத்திரம், பிள்ளைகளுக்குச் சிலேட்டு, சீருடை. ஊரில் ஒருவர் ஒன்றை ஏற்பார். இயலாதவர் உடலுழைப்பைத் தருவார். சேர்ந்த பொருள்கள் மாநாட்டுப் பந்தலில் பலர் காண வைக்கப்படும். காமராசரும் இத்தகைய மாநாடுகளுக்கு நேரில் வந்து கொடுத்தவர்களைப் பாராட்டுவார்.

இவற்றுள் சீருடையின் பயன் பெரிது. கிழிந்த துணியோடு வர வெட்கப்பட்டு வீட்டில் நின்றுவிட்ட பிள்ளை, செல்வர் வீட்டுப் பிள்ளைக்குச் சமமாக ஒரே நிறச் சட்டையோடு வந்து உட்கார்ந்தது. 1960-இல், ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு மேற்படாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வரை கட்டணம் நீக்கப்பட்டது.

நம் பள்ளத்தாக்கு அன்று மதுரை மாவட்டத்தின் பகுதி. 1959-இல் ஆண்டிபட்டியை அடுத்த வைகை அணையைத் திறந்து வைத்தவரும் காமராசரே. வயலுக்குத் தண்ணீரும் பிள்ளைக்குப் படிப்பும் ஒருங்கே தேவை என்று அறிந்தவர் அவர். களையெடுக்கவும், மலையேறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குச் செல்லவும் பெற்றோர் விடியலில் புறப்பட்டுவிடும் வீடுகளில், நண்பகலில் சோறிடும் பள்ளி எத்தகைய வரம் என்பது நம் தாய்மார்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மறைவும் தொடர்ச்சியும்

1963 அக்டோபர் 2-ஆம் நாள் கட்சிப் பணிக்காகப் பதவி துறந்தார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் மறைந்தபோது அவர் சேர்த்து வைத்த சொத்து என்று ஏதுமில்லை. 1976-இல் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. அவர் ஏற்றிய அடுப்பு அணையவில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதை விரிவாக்கினார். 2022-இல் காலை உணவும் தொடங்கி, 2024-இல் காமராசர் பிறந்த நாளன்று ஊரகத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் சிற்றூர்களிலும் இதே வழக்குதான்: கட்டணம் இல்லையென்றாலும் சீருடைக்கும் நோட்டுக்கும் வழியின்றிப் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள், பள்ளியில் உணவு தந்தால் வருகிறார்கள்.

அரசு தரும் என்று நாம் கைகட்டி இருந்துவிடலாகாது. பெற்றோர் வெளியூர் வேலைக்குச் செல்லும்போது இடையில் நின்றுவிடும் பிள்ளை நம் தெருவிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு என்ன குறை, செருப்பா, நோட்டா, பேருந்துக் காசா என்று விசாரித்துத் தீர்த்து வைப்பது நம் கடமை. யூபிலி ஆண்டில் வீட்டுக்கு ஒரு பிடியேனும் எடுத்து வைப்போம். பிடியரிசியில் படித்த பிள்ளைதான் பின்னாளில் ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கெல்லாம் சோறிட்டது.