செடிக்கு நாடி பார்த்த விஞ்ஞானி!

தாம்பரம், வண்டலூர்ப் பக்கம் ஈரமான வேலியோரங்களில் தொட்டாற்சுருங்கி படர்ந்திருக்கும். சிறுவர் விரல் பட்டதும் இலைகள் கூம்பிவிடும். ஓர் இலையைத் தீண்டினால் பக்கத்து இலைக்கு அது எப்படித் தெரிகிறது? மின்சாரமாகச் செய்தி போகிறது!

அந்த மின்சாரம் எவ்வளவு? தாம்பரம்-கடற்கரை மின்சார ரயில் ஓடுவது 25,000 வோல்ட்டில். செடியில் எழுவதோ ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அதை அளந்து காட்டப் பெரும் பெரும் நிபுணர்களோடு மல்லுக்கு நின்றவர் சர் ஜகதீச சந்திர போஸ்.

சம்பளம் வேண்டாம்!

போஸ் 1858 நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் அரசாங்க அதிகாரி. ஆனாலும் மகனை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பவில்லை. வங்காளிப் பள்ளியில், மீனவர் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வைத்தார்.

கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய போஸ், 1885-ல் கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியர் ஆனார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த காலம் அது. போஸ் பாடம் நடத்தினார், சம்பளத்தைத் தொடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள்!

இதற்கு நடுவில் 1887-ல் கலியாணம். மணமகள் அபலா, சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். உடல்நலம் இடம் கொடாததால் படிப்பை முடிக்காமல் திரும்பியவர். சம்பளம் வாங்காத கணவரோடு அவர் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தினார். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு கைக்கு வந்தது.

1895-ல் கல்கத்தாவில் கம்பி இல்லாமலே மின் அலையை அனுப்பி மணியை ஒலிக்கச் செய்தார். அதோடு நின்றிருந்தாலே பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அவர் மனம் செடிகளின் பக்கம் திரும்பியது.

சிறிய ஊற்று, பெரிய ஏற்றம்

செடியை அளப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஊற்றுக்கண் சிறுத்த கிணற்றின் நீர்மட்டத்தை அறிய ஏற்றம் கட்டி இறைத்தால் என்ன ஆகும்? மட்டமே இறங்கிவிடும்! செடியும் அப்படித்தான். அதன் உடலில் மின்சாரம் எளிதில் ஓடாது; தடை அதிகம். அளக்கும் கருவி கொஞ்சம் மின்சாரத்தை இழுத்தாலும் அளவு தப்பிவிடும். கருவியின் தடையும் செடியின் தடையும் சமமாக இருந்தால், பாதி வோல்ட்தான் கருவிக்குத் தெரியும்.

இன்று இதற்கு "ஆபரேஷனல் ஆம்ப்ளிபயர்" என்னும் விரல்நகம் அளவுச் சில்லு இருக்கிறது. அதன் வாய் ஏறக்குறைய மின்சாரமே குடிக்காது. வோல்ட்டை மட்டும் பார்த்துப் பெருக்கிக் கொடுக்கும். போஸ் காலத்தில் அது ஏது? கால்வனாமீட்டரின் ஊசி அசையவே மின்சாரம் வேண்டும். ஆகவே அவர் சுற்றில் மிகப் பெரிய தடை ஒன்றைச் சேர்த்தார். செடியின் தடை சற்று ஏறினாலும் இறங்கினாலும் கணக்குக் கெடாது அல்லவா!

தொழுகண்ணியின் சிற்றிலை தானாகவே ஏறி இறங்கும். அதன் அசைவைப் புகை படிந்த கண்ணாடியில் எழுத வைத்தால், எழுதுகோல் உரசும் பாரத்தையே அந்த இலை தாங்காது. போஸ் எழுதுகோலைத் துடிக்க விட்டார். அது கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு விலகிப் புள்ளி வைத்தது. உரசலும் போயிற்று, புள்ளிகளை எண்ணி நேரத்தையும் அறிய முடிந்தது. இந்த நுட்பமான கருவிகளை உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டே செய்தார் என்பதுதான் பெரிய அதிசயம்!

லண்டனில் எதிர்ப்பு

1901 ஜூனில் லண்டன் ராயல் சொசைட்டியில் செய்து காட்டினார். செடி ஆராய்ச்சியில் பழுத்த பர்டன் சாண்டர்சன் எழுந்து மறுத்தார். தொட்டாற்சுருங்கி போன்ற சில செடிகள் தவிர, சாதாரணச் செடியில் மின்சாரம் எழாது என்பது அவர் வாதம். போஸின் கட்டுரை அச்சேறாமல் நின்றது. மறு ஆண்டு லின்னேயன் சங்கம் அவர் ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டது.

சந்தேகம் ஓயவில்லை. வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் அவருடைய "கிரெஸ்கோகிராப்" மீதும் புகார் எழுந்தது. 1920 ஏப்ரலில் லண்டன் விஞ்ஞானிகள் நேரில் சோதித்தார்கள். கருவி காட்டுவது செடியின் வளர்ச்சியையே என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

மரத்தில் சாறு ஏறுவதைப் பற்றி அவர் சொன்ன விளக்கத்தைப் பிற்கால விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. சாதாரணச் செடியிலும் மின்சாரச் செய்தி ஓடுகிறது என்றாரே, அது நிலைத்துவிட்டது.

1937 நவம்பர் 23-ந் தேதி கிரிதியில் காலமானார். 79 வயது நிறைய இன்னும் ஒரு வாரமே இருந்தது.