வீராணம் ஏரியும் பராந்தக சோழனும்

ராஜராஜ சோழன்னா நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனால் நம்ம கடலூர் மாவட்டத்துக்கு அதிகம் செய்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா முதலாம் பராந்தக சோழன்தான் என்பது என் கருத்து. அதனால் இந்த முறை அவரைப் பற்றி எழுதுகிறேன்.

பராந்தகனின் அப்பா முதலாம் ஆதித்த சோழன். அவருக்கு இன்னொரு மனைவி வழியில் கன்னரதேவன்னு ஒரு மகனும் உண்டு. அந்தப் பிள்ளையின் தாய்வழித் தாத்தா ராஷ்டிரகூட அரசர் இரண்டாம் கிருஷ்ணன். கி.பி. 907-இல் பராந்தகன் பட்டத்துக்கு வந்ததும், தன் பேரனுக்கு அரசு கிடைக்கலையேன்னு அவர் படையெடுத்து வந்தார். திருவல்லத்தில் நடந்த போரில் பராந்தகன் ஜெயித்தார்.

பிறகு மதுரையைப் பிடித்தார். தோற்றுப்போன ராஜசிம்ம பாண்டியன் தன் கிரீடத்தை இலங்கை அரசரிடம் கொடுத்து வைத்துவிட்டு, அம்மா பிறந்த சேர நாட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கிரீடத்துக்காகவே பராந்தகன் இலங்கைக்குப் படை அனுப்பினார். ஆனால் இலங்கை அரசர் கிரீடத்தோடு ரோகண நாட்டுக்கு ஓடிவிட்டார், படை வெறுங்கையோடு திரும்பியது. கடைசியில் அது கிடைத்தது எள்ளுப்பேரன் ராஜேந்திரன் காலத்தில்தான்! சுமார் நூறு வருஷம் ஒரு கிரீடத்துக்காகக் காத்திருந்த குடும்பம் இது.

சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குப் பொன் கூரை வேய்ந்தவர் பராந்தகன் என்று செப்பேடுகள் சொல்கின்றன. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டுகளும் (919, 921) இவர் காலத்தவை. சமூக அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

இப்போது நம்ம ஏரிக்கு வருவோம். வீரநாராயணன் என்பது பராந்தகனுடைய பட்டப்பெயர். வீரநாராயணன் ஏரிதான் வாயில் தேய்ந்து வீராணம் ஆனது. மூத்த மகன் ராஜாதித்தன் வடக்கேயிருந்து வரும் பகையைத் தடுக்கத் திருநாவலூர் பக்கம் பெரிய படையோடு பல வருஷம் தங்கியிருந்தார். போர் இல்லாத நாளில் சும்மா இருந்த வீரர்களை வைத்து அவர்தான் ஏரியை வெட்டினார்னு நம்ம பக்கத்தில் சொல்வாங்க. சுமார் 16 கிலோமீட்டர் நீளம், எல்லாம் மண்வெட்டியும் கூடையும்தான்! கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து 47.50 அடி நிரம்பினால்தான் நம்ம வீடுகளில் நடவைப் பற்றிப் பேச்சே ஆரம்பிக்கும். 2004-இலிருந்து சென்னைக்காரர்களும் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

ஆனால் ராஜாதித்தன் பயந்தபடியே பகை வந்தது. 949-இல் அரக்கோணம் அருகே தக்கோலத்தில் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனோடு பெரும்போர். கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன், யானை மேல் இருந்த ராஜாதித்தனைக் கொன்றுவிட்டான். அதனால்தான் அவருக்கு 'ஆனைமேல் துஞ்சிய தேவர்' என்று பெயர். துஞ்சுதல் என்றால் தூங்குதல். செத்தார் என்று சொல்ல மனசு வராமல் அப்படி எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

வயதான காலத்தில் பராந்தகன் மூத்த பிள்ளையையும் இழந்தார், தொண்டை நாட்டையும் இழந்தார். 40 வருஷத்துக்கு மேல் சேர்த்தது ஒரே போரில் போச்சு. 955 வாக்கில் அவர் ஆட்சி முடிந்தது.

அடுத்து இரண்டாவது மகன் கண்டராதித்தர். இவருக்குச் சண்டையை விடப் பக்திதான் பெரிது. தில்லை நடராஜர் மேல் இவர் பாடியது திருவிசைப்பாவில் இருக்கிறது. இவருக்குப் பிறகு தம்பி அரிஞ்சயன் ஆண்டது கொஞ்ச காலம்தான். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன், அவர் மகன்தான் ராஜராஜன்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் கண்டராதித்தரின் மனைவி செம்பியன் மாதேவி. புருஷன் போனபோது மகன் உத்தமன் சின்னப் பிள்ளை. அவனையும் வளர்த்துக்கொண்டு, பழைய செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கருங்கல்லில் கட்டினார். ராஜராஜன் காலம் வரைக்கும் வாழ்ந்தார். அவர் கட்டியதைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம், பஸ் ஏறினால் விருத்தாசலம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி