கத்தியும் கருணையும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

வைகறையில் தேவாரத்திலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் ஜீப் வண்டிகளில் நெருக்கியடித்து அமர்ந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் பெண்களுள் ஒருத்தி கருவுற்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தன் பெயரைப் பதிவு செய்துகொள்கிறாள். அவளுக்கு அரசு வழங்கும் மகப்பேறு உதவித்தொகை ஓர் அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொகையைப் பெறுவோர் ஆயிரமாயிரவர். பெயருக்குரியவரை அறிந்தோர் மிகச் சிலரே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்னும் அப்பெயர் விண்ணப்பப் படிவத்தின் தலைப்பாகச் சுருங்கிப் போயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிப் பள்ளி ஒன்றின் விழாவில் பேசச் சென்றிருந்தேன். மருத்துவராக விரும்புவோர் யார் என மாணவியரைக் கேட்டபோது கைகள் பல உயர்ந்தன. அறுவை மருத்துவராக விரும்புவோர் யார் எனக் கேட்டபோது உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. விழா முடிந்தபின் ஒரு சிறுமி என்னிடம் வந்து, அது ஆண்கள் செய்யும் வேலையல்லவா என்று மெல்லக் கேட்டாள். அன்று அவளுக்கு நான் விரைந்து ஏதோ விடை சொன்னேன். முறையாகச் சொல்லியிருக்க வேண்டிய விடை ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாறு. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவ்வரலாற்றை எழுதி அக்கடனைத் தீர்க்க முயல்கிறேன்.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்விப் பணியில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபில் வந்தவர். ஆலயத்துக்கெனப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அம்மரபின்மேல் சுமத்தப்பட்டிருந்த காலம் அது. இசையும் கூத்தும் பயின்ற அக்குலத்துப் பெண்களைக் கேட்டு மகிழ்ந்த ஊர், அவர்களை மணந்துகொள்ள மட்டும் முன்வரவில்லை. பதிகத்தின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட நாம் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். கோயில்களில் தெய்வப் பாடல்களைப் பாடிக் காத்தவர்களுள் தேவரடியார்களும் உண்டு. பாட்டைப் போற்றிப் பாடியவளைப் பழித்த முரண்பாட்டின் நடுவேதான் இக்குழந்தை பிறந்தது.

பருவமெய்திய பெண் பள்ளிக்குச் செல்லலாகாது என்பது அன்றைய கட்டுப்பாடு. தந்தையார் அக்கட்டுப்பாட்டை நேரே உடைக்கவில்லை, வளைத்துச் சென்றார். வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902இல் முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அடுத்து மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆண்கள் மட்டுமே பயிலும் கல்லூரியில் ஒரு பெண்ணா, அதுவும் இன்ன குலத்துப் பெண்ணா என்று கேட்டவர்கள் பலர். அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி வழங்கியவர் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். மூடுவண்டியில் சென்று, திரைக்கு இப்பால் அமர்ந்து பாடம் கேட்டார் அம்மாணவி.

ஓராயிரம் பேர் மறுக்கும் ஓரிடத்தில் ஒருவர் கதவைத் திறந்துவிட்டால் போதும், வரலாறு உள்ளே நுழைந்துவிடும். அம்மையாரின் வாழ்வில் அவ்வாறு கதவு திறந்தவர்களுள் முதல்வர் தந்தையார், அடுத்தவர் மன்னர்.

அறுவைக் கூடத்தில் முதலிடம்

1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் பயின்ற முதற்பெண் அவரே என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். அது முழு உண்மையன்று. 1875இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் அங்குச் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு ஆதரவாக நின்றவர் அன்றைய சென்னை மாகாண மருத்துவத் தலைவர் எட்வர்டு பால்ஃபர். மேரி ஷார்லீப் பின்னர்ச் சென்னையில் பெண்களுக்கென மருத்துவமனை ஒன்றை 1885இல் தொடங்கிவைத்தார். முன்னோடிகளை மறைத்து ஒருவரை உயர்த்துவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. முத்துலட்சுமியின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது.

பெண்கள் மருத்துவம் பயில்வதை ஒருவாறு ஏற்றுக்கொண்டவர்களும் அறுவை மருத்துவத்தை அவர்களுக்கு உரியதாகக் கருதவில்லை. குருதி கண்டால் மயங்குவர், கை நடுங்கும், நெடுநேரம் நிற்க இயலாது என்பன அன்று சொல்லப்பட்ட காரணங்கள். வீட்டில் மகப்பேற்றின் குருதியைக் காலங்காலமாகக் கண்டும் துடைத்தும் வந்தவர்கள் பெண்களே என்பதை அக்காரணம் சொன்னோர் எண்ணிப் பார்க்கவில்லை. இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவக் கல்லூரி தன் ஃபெலோ (FRCS) தகுதியை ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக வழங்கியது 1911இல்தான். அவர் எலினார் டேவிஸ் கோலி.

மறு ஆண்டே, 1912இல், புதுக்கோட்டைப் பெண் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று மருத்துவப் பட்டத்தை முடித்தார். அறுவை மருத்துவப் பாடத்தில் அவருக்கே முதலிடம். அப்பாடத்தின் பேராசிரியரான வெள்ளையர் தம் வகுப்பில் பெண்கள் அமர்வதை விரும்பாதவர் என்றும், இம்மாணவியின் விடைத்தாளைக் கண்டபின் மனம் மாறினார் என்றும் அம்மையாரின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அந்த மாற்றம் வாதத்தால் விளைந்ததன்று. எழுதிய விடையும் பழகிய கையும் அதைச் செய்தன. பின்னர்ச் சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் பொறுப்பேற்ற முதற்பெண் என்ற இடமும் அவருக்குக் கிடைத்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். திறமை இருந்தால் எவரும் உயரலாம் என்பதற்கு அம்மையாரைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் ஆண் மாணவர் தேறினாலே போதுமான இடத்தில் பெண் முதலிடம் பெற்றால்தான் ஏற்பு என்றால், அது சமநீதி ஆகுமா? முதலிடம் பெறாமல் இரண்டாமிடம் பெற்றிருந்தால் அப்பேராசிரியரின் மனம் மாறியிருக்குமா? இவ்வினாக்களுக்கு அறுவைக் கூடங்கள் இன்றும் முழு விடை தரவில்லை. மருத்துவக் கல்லூரிகளில் இன்று மாணவியர் நிறைந்திருக்கின்றனர், க.விலக்கில் உள்ள நம் மாவட்டக் கல்லூரிக்குச் சென்றாலும் அதைக் காணலாம். எனினும் மேற்படிப்பில் அறுவைத் துறையைத் தேரும் பெண்கள் குறைவே. மகப்பேற்று மருத்துவத்துக்கு அவர்களை வழிகாட்டி அனுப்பும் பழைய மனம் இன்னும் முற்றாக மறையவில்லை.

மணமும் மன்றமும்

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை அவர் மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்னும் இரு நிபந்தனைகளை முன்வைத்தே அம்மணத்துக்கு இசைந்தார். கணவரும் மருத்துவர், சொன்ன சொல்லைக் காத்தவர். கதவு திறந்தவர்களின் வரிசையில் அவரும் ஒருவர்.

1925இல் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிய மேற்பயிற்சிக்காக அரசு உதவியுடன் இங்கிலாந்து சென்றார். திரும்பியதும் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1927இல் அம்மன்றத்தின் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கு அவர் எடுத்துக்கொண்ட பணிகளுள் தலையாயது பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிப்பது. 1927இல் தீர்மானம் கொணர்ந்தார். 1929இல் அறநிலையச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறியது. கோயில் மானிய நிலத்துக்கும் பெண்ணின் பணிக்கும் இடையே இருந்த பிணைப்பை அத்திருத்தம் அறுத்தது. நிலம் அவளுக்கே உரியதாயிற்று. பணி கட்டாயமாக இல்லாதொழிந்தது. வழக்கத்தையே முற்றாகத் தடைசெய்யும் சட்டம் வர 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

எதிர்த்தவர்கள் பழமைவாதிகள் மட்டுமல்லர். தேவரடியார் பெண்களே பலர் மனு எழுதினர். தாங்கள் காத்த கலை அழியும், வாழ்வு பறிபோகும் என அஞ்சினர். அவ்வச்சம் முழுதும் பொய்யென்று இன்று எவரும் சொல்ல மாட்டார். அவர்கள் ஆடிய ஆட்டம் பின்னாளில் பிறர் மேடைகளில் புதுப்பெயர் பெற்றுப் புகழடைந்தது. ஆடியவர்களின் வழித்தோன்றல்கள் பலருக்கு அம்மேடைகளில் இடம் கிட்டவில்லை. கவிஞர்களாகிய நாம் இவ்விழப்பை மறைக்கலாகாது. ஆயினும் ஒரு சிறுமியின் விருப்பத்தைக் கேளாமல் அவள் கழுத்தில் கட்டப்படும் பொட்டு எக்கலைக்கும் விலையாகலாகாது என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார். அறுவை மருத்துவர் கத்தியை எடுக்கும்போது நல்ல தசையிலும் சிறிது குருதி கசியும். அதை அறிந்தும் எடுக்க வேண்டிய நேரத்தில் எடுத்தே ஆக வேண்டும். அக்குலத்திற்குள்ளேயே பிறந்த ஒருவர் அதைச் செய்தார் என்பதுதான் அவ்வரலாற்றின் வேதனையும் பெருமையும்.

1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். அதே ஆண்டில், வழக்கத்தினின்று வெளியேறித் தம் வாயிலில் வந்து நின்ற இளம்பெண்களுக்குப் புகலிடம் தேடினார். விடுதிகள் ஏற்க மறுத்த அவர்களுக்காகப் பிறந்ததே ஔவை இல்லம். பதவியும் பட்டமும் இன்றி ஊரூராய் நடந்து தமிழ் பாடிய ஒரு கிழவியின் பெயரை அவர் தேர்ந்தது தற்செயலன்று.

தங்கையின் நோய், தாயின் தவம்

1923இல் அம்மையாரின் தங்கை மலக்குடற் புற்றுநோயால் இறந்தார். முதலில் சீதபேதி எனத் தவறாகக் கணிக்கப்பட்ட நோய் அது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. தாமே மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலாத துயரம் அவர் நெஞ்சில் நிலைத்துவிட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935இல் நடந்தபோது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கதவு கதவாகச் சென்றார். தீராத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று எண்ணியவர்கள் அதிகாரத்திலும் இருந்தனர்.

1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அம்மையாரின் மகனும் அறுவை மருத்துவருமான கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். 1955இல் இளம் மருத்துவர் சாந்தா, கையில் கிடைத்திருந்த அரசுப் பணியை விடுத்து அங்கு வந்து சேர்ந்தார். மருத்துவர் இருவர், செவிலியர் இருவர் என்ற அளவில் தொடங்கிய நிலையம் அது. அதன் வளாகத்திலேயே தங்கி, வாழ்நாளெல்லாம் அங்கேயே பணியாற்றினார் சாந்தா. 2005இல் மகசேசே விருதும் 2016இல் பத்மவிபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 2021 ஜனவரியில் அவர் மறைந்தபோது, 1907இல் ஒரு மாணவி மருத்துவக் கல்லூரிக்குள் எடுத்து வைத்த அடியின் தொடர்ச்சி நூறாண்டுகளைக் கடந்திருந்தது.

வழிகாட்டுதல் என்பது அறிவுரை சொல்லுவதன்று. வருபவள் நின்று பணிசெய்ய ஓரிடத்தை அமைத்துக் கொடுத்து, அவளை நம்பி ஒதுங்குவதே வழிகாட்டுதல். தமக்குப் பிறர் திறந்த கதவை அம்மையார் தம் பின்னே சாத்திவிடவில்லை.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டு அகவை நிறைவுறச் சில நாள்களே இருந்தபோது மறைந்தார். அவர் பிறந்த நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடத் தமிழக அரசு 2019இல் அறிவித்தது.

நாம் செய்யத்தக்கது

நம் வட்டத்தின் கூட்டங்களில் பெண்கள் பின்வரிசையில் அமர்ந்து தேநீர் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று அவர்கள் கவிதை வாசிக்கிறார்கள். எனினும் எழுதத் தொடங்கும் ஓர் இளம்பெண்ணின் முதற்கவிதையை நாம் திருத்தும்போது, இது பெண்ணுக்கு உரிய பொருளா என்ற எண்ணம் நம் எழுதுகோலின் முனையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். அப்பேராசிரியரின் வகுப்பறை நம் அரங்கிலும் இருக்கலாம்.

ஏலமலைச் சரிவில் காய் பறிக்கும் தாயின் மகள் ஒருத்தி நாளை அறுவைக் கூடத்தில் கையுறை அணிந்து நிற்பாள். அவள் முதலிடம் பெற்றவளாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. தன் தொழிலறிந்த ஒரு மருத்துவராக இருந்தாலே அவளை ஏற்றுக்கொள்ளும் கூடமாக அது இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். அன்று என்னிடம் வினவிய சிறுமிக்கு என் விடை இதுவே. பத்தாண்டு கண்ட நம் இலக்கிய வட்டம் அவளுக்கும் ஓர் இருக்கையை ஒதுக்கி வைத்து, மேன்மேலும் வளர்க என வாழ்த்தி அமைகிறேன்.